சோதனைக்காரி இருசம்மாள்

ஆனைப்பாலம் தோட்டத்தில் இருசம்மாளை நல்லவள் என்று சொன்னவர்கள் குறைவு. கெட்டவள் என்று சொன்னவர்கள் நிறைய. அவர்களும் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொன்னார்கள். சுங்கை ரம்பாய் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாருக்கும் அது வாயில் நுழையாது என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, வெள்ளைக்காரன் ஆண்ட மலாய் நாடு. அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போய்விடக் கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடியற்காலை பால்வெட்டப் போகிறவர்கள் அந்த கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் மரத்துக்குப் போக வேண்டும். ஆண்களை மாத்தா, அதாவது மலாய்க்கார போலீஸ்காரர், தடவிப் பார்ப்பார். பெண்களைத் தொட ஒரு பெண் வேண்டுமே? எவளும் முன்வரவில்லை. கூட வேலை செய்கிறவளின் மடியில் கைவிடுவது பாவம் என்றார்கள். இருசம்மாள்தான், "பாவமோ புண்ணியமோ, எவளாச்சும் ஒருத்தி செய்யணும்ல, நான் செய்றேன்" என்று போய் நின்றாள்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள் போலத்தான் இருந்தாள். சாக்குத் தட்டி கட்டிய ஒரு சின்னக் கொட்டகை, பறிமுதல் அரிசியைப் போட ஒரு பிஸ்கட் தகரம், இவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ். கொண்டைக்குள் அரிசி முடிச்சு, பால்வாளியின் அடியில் ஒட்டவைத்த கருவாடு, கைப்பிள்ளையின் துணிக்குள் பால் டின், எல்லாவற்றையும் எடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒளித்து வைத்திருக்கிறவள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசுவாள். ஒன்றும் இல்லாதவள் கொட்டாவி விடுவாள். தடவி முடித்ததும் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள்: "ஒண்ணுமில்ல, போ." அந்த இரண்டு வார்த்தை விழுகிற வரை எந்தப் பெண்ணுக்கும் மூச்சு வராது.

சந்தேகம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. கடைக்காரன் தராசு, கோயில் உண்டியல், பக்கத்து வீட்டுச் சுப்பம்மா இரவல் வாங்கிய உப்பைத் திருப்பிக் கொடுக்கும் ஆழாக்கு, எதையும் அவள் நம்பியதில்லை. நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன் வீரப்பன். அவன் சட்டைப் பைக்குள் அவள் ஒருநாளும் கைவிட்டதில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படவும் செய்வாள்.

வீரப்பன் பால்வெட்டுகிறவன். பேச்சு குறைவு, கால் அதிகம். தீபாவளி விளையாட்டில் நூறு கெஜ ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி, பூட்ஸ் போட்ட கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரையும் பின்னால் விட்டான். தோட்ட மேனேஜர் லாங்லி துரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைக்கு முட்டைப்பந்துப் பைத்தியம். ரக்பி என்று அவர் சொல்வதைத்தான் லயத்தில் முட்டைப்பந்து என்பார்கள். அக்கம்பக்கத்துத் துரைமார் பலர் காட்டுக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டதால் அவருடைய டீமில் ஆள் பற்றவில்லை. ஆகவே கிராணி எனப்படும் ஆபீஸ் குமாஸ்தா, ஸ்டோர்க்காரர் என்று கறுப்பு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் ஒரு பால்வெட்டுக்காரன், துரையின் பழைய பூட்ஸின் நுனியில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு, திடலில் இறங்கினான்.

அந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிற தன் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருக்கிறவனை எதிராளி பாய்ந்து கவிழ்க்கலாம். வேகமான ஓட்டக்காரனை வரிசையின் கடைக்கோடியில், கோட்டோரமாக நிறுத்துவார்கள். பந்து கைமாறிக் கைமாறி அவனிடம் வந்துவிட்டால் அப்புறம் அவனைப் பிடிக்க ஆளில்லை. வீரப்பன் அங்கேதான் நின்றான். அவனுக்கு அடுத்தவர் விஜயரட்ணம், ஆபீஸின் இரண்டாம் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், மலாக்காவில் படித்து, பள்ளிக்கூடத்திலேயே இந்த ஆட்டம் ஆடியவர். துரைக்கும் லயத்துக்கும் நடுவில் பேச்சை மொழிபெயர்ப்பவரும் அவரே.

இன்னோர் இடமும் உண்டு. ஆட்டம் தொடங்கும்போதும், நடுவில் பல தடவையும், எதிராளி பந்தை வானத்துக்கு உதைப்பான். பின்னால் தனியாக நிற்கிற ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும். அவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே எட்டுத் தடியன்கள் அவன் மேல் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் நின்ற ஸ்டோர்க்கார நல்லமுத்து கழுத்தெலும்பு முறிந்து, கையைத் தூளியில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

நல்லமுத்து விழுந்த அடுத்த வாரம் ஆபீஸ் பலகையில் டீம் பட்டியல் ஒட்டினார்கள். கோட்டோரமாக ஓடுகிறவனும், உதைத்த பந்தைப் பிடிக்கிறவனும் வீரப்பன்.

சுப்பம்மாதான் ஓடி வந்து சொன்னாள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரர நல்லமுத்து எடத்துல நிறுத்திட்டாங்களாம் லா! அதான் கழுத்தெலும்பு எடம்."

இருசம்மாள் அம்மிக்குழவியை அப்படியே வைத்தாள். அவள் மனம் உடனே பத்து நாள் பின்னால் போனது. பெரட்டுக் களத்தில், விடியற்காலை ஆள் கணக்கு எடுக்கும்போது, வீரப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து துரையிடம் கேட்டிருந்தான்: சோறுதான் கொண்டுபோகக் கூடாது, கறுப்புக் காப்பித்தண்ணியாவது கொண்டுபோக விடுங்கள், வெயிலில் வெட்டுகிறவர்களுக்கு நாக்கு வறள்கிறது. விஜயரட்ணம் மொழிபெயர்த்தார். துரை முகம் சிவந்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது புரிகிறதா? இருசம்மாளுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்தவனை வேலையை விட்டு நிறுத்தினால் சங்கம் கேட்கும். காலை முறித்துவிட்டால் யார் கேட்பார்கள்? ஆட்டத்தில் அடிபட்டது என்று முடித்துவிடலாம். கால் போன பால்வெட்டுக்காரன் மேட்டுக்காட்டில் ஏற முடியாது. ஏற முடியாதவனுக்குக் கூலிப் பதிவில் பேர் கிடையாது. பேர் இல்லாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது. தோட்டத்திலேயே வேகமான காலைக் கொண்டுபோய் முறிகிற இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நம்புகிறவள்தான் அதை விளையாட்டு என்று நம்புவாள்.

நேராக ஆபீஸ் சன்னலுக்குப் போனாள்.

"கிராணி ஐயா, எம் புருசன எதுக்கு அந்த எடத்துல நிறுத்துனீங்க?"

விஜயரட்ணம் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "அது துரையின்ர முடிவு."

"தொரைக்கு எங்க லயத்து ஆள பத்தி என்னா தெரியும்? சொல்லிக் குடுத்தது யாரு?"

"எனக்கு வேலை கிடக்கு. நீர் போம்." சொன்னவர் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

பதினெட்டு மாதம் கேட்டில் நின்றவளுக்கு அது போதும். இந்த மனிதன் எதையோ ஒளிக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தாள். அந்த முடிவில் தப்பில்லை. என்ன ஒளிக்கிறான் என்பதில்தான் தப்பு.

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். வீரப்பன் சாயங்காலம் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாயில் படுக்க வைத்து உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அவனோ சிரித்துக்கொண்டே கிடந்தான். காற்று நன்றாக இருந்தது, புல் நன்றாக இருந்தது, பந்து உயரமாக வந்தது, ரெண்டு பேரைத் தாண்டினேன், மூணாவது ஆள்தான் கவிழ்த்தான் என்று பேசிக்கொண்டே போனான். ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை ஒரே சாயங்காலத்தில் பேசினான்.

இருசம்மாளின் கை நின்றது. ஒளித்து வைத்திருக்கிறவள் அதிகமாகப் பேசுவாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் முகத்தை அவள் கேட்டில் பார்க்கிற பார்வை பார்த்தாள். பிறகு அப்படிப் பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்து, ஒத்தடத்தை அழுத்தி வைத்தாள். அவன் "ஐயோ" என்றான்.

"போகாதீங்க" என்றாள். "அவனுங்க ஒங்க கால முறிக்கத்தான் பாக்குறானுங்க."

"அதெல்லாம் இல்ல இருசு."

"அப்ப என்னா?"

"தொரை நிக்கச் சொன்னாரு, நிக்கிறேன்." பொய். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஆட்டம் மலாக்கா டவுனில், போலீஸ் டீமோடு. போலீஸ் டீம் என்றால் ஒவ்வொருவனும் மாட்டுவண்டிப் பாரம். லயமே பார்க்கக் கிளம்பியது. துரை லோரி கொடுத்திருந்தார். இருசம்மாளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவள் புத்தி அவளுக்குத் தெரிந்த வேலைக்கே போனது.

ஞாயிறு காலை அவன் குளிக்கப் போயிருந்தபோது பூட்ஸின் நுனியில் திணித்திருந்த துணியை உருவி, உள்ளே ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு, துணியை மறுபடி அடைத்தாள். கேட்டில் மாத்தா எந்தப் பையையும் கவிழ்க்காமல் விடமாட்டார். ஒரு கைப்பிடி அரிசிக்கு என்ன தண்டனை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் கண் முன்னாலேயே மூன்று பேர் மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் வரை காவல் கொட்டகையில் உட்கார வைப்பார்கள், துரை வந்து கத்திவிட்டு அனுப்பிவிடுவார். அதற்குள் லோரி போயிருக்கும். கால் பிழைக்கும். புருஷன் திருடனாகக் கொஞ்ச நேரம் நின்றால் என்ன, நொண்டியாகக் காலம் முழுக்க நிற்பதைவிட மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

கேட்டில் ஒரு மேசை போட்டிருந்தது. டவுனிலிருந்து வந்த புது இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விஜயரட்ணம் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: முந்தாநாள் பக்கத்தில் ஒரு லோரியைச் சுட்டுவிட்டார்கள், அதனால் இன்று முதல் கேட்டைத் தாண்டி அரிசி கொண்டுபோகிறவன், அது ஒரு கைப்பிடியானாலும் சரி, நேரே டவுன் லாக்கப், விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்பலாம்.

இருசம்மாள் திரும்பி ஆட்களை எண்ணினாள். ஆண்கள் வரிசையில் வீரப்பன் ஐந்தாவது ஆள். தோளில் பை. பைக்குள் பூட்ஸ். முதல் ஆள் முடிந்தான். இரண்டாவது ஆளின் பையை மாத்தா கவிழ்த்தார். மூன்றாவது ஆள் போனான்.

அவள் ஓடினாள். வரிசையை இடித்துக்கொண்டு போய்ப் புருஷன் தோளிலிருந்த பையைப் பிடுங்கினாள்.

"வெலா எலும்பு வீக்கம் வத்தல, அதுக்குள்ள பந்தாட்டமா? போக உடமாட்டேன்! என்னைய முண்டச்சியாக்கிட்டுப் போங்க!" என்று லயமே அதிரக் கத்திக்கொண்டு, பையோடு சாக்குத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மாத்தா சிரித்தார். அவளுடைய எதிர்ப்பு ஊரறிந்த கதைதானே? இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க, மாத்தா, "பினி காராங், துவான்" என்றார். பெண்டாட்டி பொல்லாதவள், ஐயா என்று அர்த்தம். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

தட்டிக்குப் பின்னால் இருசம்மாளின் விரல்கள் துணியை உருவ மறுத்தன. நகம் உடைந்தது. ஒருவழியாக இழுத்து, பூட்ஸைப் பிஸ்கட் தகரத்தில் கவிழ்த்தாள். அந்தத் தகரத்தில் அரிசி இருந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். துணியை உள்ளே திணித்தாள். 

தட்டிக்கு வெளியே வீரப்பன் வந்து நின்றான்.  சாக்கில் வாயை வைத்து மெதுவாகப் பேசினான்.

"இருசு, யாரும் என்னைய அங்க நிறுத்தல. நானாத்தான் கேட்டேன்."

"என்னா?"

"கடைசில நிக்கிறேன்ல? ஒம்பது ஆட்டம். என் கைக்குப் பந்து வந்தது நாலு தடவ. தொரை கிராணிகிட்ட குடுப்பாரு, கிராணி எனக்குக் குடுக்கணும். குடுக்கமாட்டாரு. வச்சிக்கிட்டே உழுவாரு, இல்ல வெளிய ஒதைப்பாரு. ஏன்னு கேக்காத, ஒனக்குத் தெரியாதா? சும்மா ஓடி ஓடி வெறுங்கையோட திரும்பி வருவேன். நூறு பேரு பாக்குறான்." சாக்கை இன்னும் நெருங்கினான். "மேலேருந்து வர்ற பந்து யாருகிட்டயும் கேட்டுக்கிட்டு வரல. அது எனக்குத்தான். கழுத்து முறிஞ்சாலும் அது எனக்குத்தான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எம் பொண்டாட்டிகிட்டப் போயி, எனக்கு ஒருத்தனும் பந்து குடுக்க மாட்டேங்கிறான்னு..." சாக்கு நூல் ஒன்றைப் பிய்த்தான். "தொரைகிட்ட கேக்கணும்னா கிராணிதான் மொழிபெயர்க்கணும். என்னத்தச் சொன்னாரோ. தொரை சரின்னுட்டாரு."

 இருசம்மாள் பூட்ஸைத் தட்டிக்கு மேலாக நீட்டினாள். மாத்தா அதை வாங்கிக் கவிழ்த்து, தட்டி, வீரப்பனிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு இல்லை. லோரி கிளம்பிவிட்டால் அவளுக்குக் கேட்டில் வேலையும் இல்லை. சுப்பம்மா கைகொடுக்க, அவளும் ஏறிக்கொண்டாள்.

டவுன் திடலில் அவள் பந்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். ஐந்து தடவை வரிசை ஓடியது. ஐந்து தடவையும் பந்து விஜயரட்ணத்தின் கையோடு செத்தது. ஐந்து தடவையும் வீரப்பன் கோட்டோரமாக ஓடி, கையை நீட்டி, அப்புறம் நீட்டிய கையால் தலையைத் தடவிக்கொண்டு திரும்பினான். அந்தத் தலை தடவலைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. எலும்பு முறிந்திருந்தால்கூட ஒத்தடம் வைத்திருக்கலாம்.

பிறகு பந்து வானத்துக்குப் போனது. கீழே அவன் தனியாக நின்றான். போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். இருசம்மாள் கண்ணை மூடவில்லை. அவன் பிடித்தான், ஒரு பக்கம் சாய்ந்தான், ஒருவனுடைய கை அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். அதற்குமேல் அவன் பின்னால் ஓடியவர்கள் எல்லாம் சும்மா ஓடினார்கள். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து கொண்டான். லோரியில் வந்த பெண்கள் போட்ட குலவையில் திடல் ஓரத்து வெள்ளைக்காரிகள் பயந்து திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டத்தில் தோற்றது வேறு கதை.

முடிந்ததும் லோரி நிழலில் உட்கார்ந்து வீரப்பன் பூட்ஸைக் கழற்றினான். துணியை உருவினான். துணி மடிப்பில் ஒட்டிக்கொண்டு நான்கைந்து மணி அரிசி, வேர்வையில் ஊறி வெளுத்துக் கிடந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் வாசித்த தாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். 

"யாரோ போட்டிருக்கான்" என்றான். "என்னைய உள்ள தள்ள." திடலுக்கு அந்தப் பக்கம் துரையோடு நின்று பேசிக்கொண்டிருந்த விஜயரட்ணத்தை நிமிர்ந்து பார்த்தான். "அவருதான். அந்தத் தாள வாசிச்சதே அவருதானே. பந்து குடுக்காதது பத்தலன்னு..." எழுந்தான். அவன் கை முட்டியாகிவிட்டது.

அவன் போய் அடித்திருப்பான். பால்வெட்டுக்காரன் கிராணியை அடித்தால் அது லாக்கப்போடு நிற்காது. சும்மா இருக்கச் சொல்லித் தடுத்தால் போதும், பழி கிராணி தலையிலேயே கிடக்கும். கிராணி ஒன்றும் உத்தமன் இல்லை, கிடக்கட்டுமே. இருசம்மாள் அதையும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"கிராணி இல்ல" என்றாள். "நான்தான் போட்டேன்."

அவன் நின்றான்.

"லாக்கப்புன்னு எனக்குத் தெரியாது. கொட்டகைல ஒக்கார வைப்பாங்க, ஆட்டத்துக்குப் போகமாட்டீங்க, காலு தப்பிக்கும்னு..." அவன் கையிலிருந்த துணியைக் காட்டினாள். "கேட்டுல சண்ட போட்டது அத எடுக்கத்தான்."

வீரப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அரிசியை ஒவ்வொரு மணியாக எடுத்துப் புல்லில் போட்டான். லோரி வீடு வரும் வரை எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தான்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குக் கிளம்பும்போது, வாசலில் அவள் முன்னால் வந்து நின்றான். பூட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, ஒன்றோடொன்று இரண்டு தரம் தட்டினான். துணியை உருவிக் காட்டினான். தட்டிவிட்டுப் போகவில்லை, நின்றான். அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. சொன்னாள்: "ஒண்ணுமில்ல, போங்க."

இரண்டு வருஷம் அவன் உதைத்த பந்தைப் பிடித்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. லாங்லி துரை சீமைக்குப் போனதும் டீம் கலைந்தது. ஐம்பத்தாறில் அவனுடைய முழங்காலை முறித்தது சைக்கிள். மழையில் வழுக்கி விழுந்தான். ஆபீஸில் லேசான வேலை போட்டுக்கொடுத்தார்கள், அதற்கு எழுதிக் கொடுத்தவரும் விஜயரட்ணம்தான். அவசரகாலம் முடிந்து கேட்டைக் கழற்றினார்கள். இருசம்மாள் மறுபடி கத்தியும் வாளியுமாகப் பால்வெட்டப் போனாள். பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவளோடு பேச ஆரம்பித்தார்கள். பிஸ்கட் தகரத்தில் கோழிக்குத் தீனி வைத்தாள்.

வீரப்பன் மட்டும் விடவில்லை. டவுன் பக்கம் பாச்சாங்கில் கல்யாணம் என்றாலும் சரி, பக்கத்துக் கடைக்குப் புகையிலை வாங்க என்றாலும் சரி, கிளம்பும்போது செருப்பைக் கையிலெடுத்து, அவள் முன்னால் கவிழ்த்து, இரண்டு தரம் தட்டுவான். பார்க்கிறவர்கள் மண்ணைத் தட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் தட்டுவான், கோபமெல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. ஆனாலும் அவள் சொல்கிற வரை படியிறங்கமாட்டான். அவள் அடுப்பில் இருந்தாலும், துணி துவைத்துக்கொண்டிருந்தாலும், நொண்டிக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

"ஒண்ணுமில்ல" என்பாள் இருசம்மாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "போங்க."